வீட்டு ரவுட்டர் செட்டிங்ஸ்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேபிள் இழுத்து வைஃபை போட்டுக் கொடுப்பது என் வேலை. வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்பதும், அப்புறம் போன் போட்டுக் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்கள் இங்கே. மெனுவில் இருக்கும் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். நிதானமாகத் தேடினால் கிடைத்துவிடும்.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் எப்படிப் போவது?

ரவுட்டரைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1, இல்லாவிட்டால் 192.168.0.1. பக்கத்திலேயே யூசர்நேமும் பாஸ்வேர்டும் இருக்கும். அந்த வைஃபையில் சேர்ந்திருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி அடிக்கும் பட்டையில் எண்ணை அப்படியே அடியுங்கள். தேடல் பெட்டியில் அடித்தால் சம்பந்தமில்லாத விளம்பரப் பக்கங்கள்தான் வரும்.

போனில் திறக்கவில்லை என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், போனின் வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்று காட்டும் எண்தான் ரவுட்டரின் முகவரி. 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் மிரட்டலாம். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வெளியே யாரும் சான்றிதழ் கொடுத்திருக்க மாட்டார்கள், அதனால் வரும் எச்சரிக்கை அது. அடித்த எண் சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு உள்ளே போகலாம்.

எல்லா வீட்டிலும் 192.168 என்றே இருக்கிறதே, பக்கத்து வீட்டோடு குழப்பம் வராதா?

வராது. வீடு, ஆபீஸ் உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று தொண்ணூறுகளிலேயே ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அதே ரகம். இவை உங்கள் வாசலைத் தாண்டி இணையத்தில் போகாது.

உள்ளே போய்விட்டேன். முதலில் எதை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்றும் முன் போட்டோ எடுங்கள். 'வேன்' (WAN, வெளியிலிருந்து நெட் வரும் பக்கம்) அல்லது 'இன்டர்நெட்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் இணைப்பு வகை, பிபிபிஓஈ (நெட் கொடுக்கும் ஆபரேட்டரிடம் உள்நுழையும் முறை) யூசர்நேம், விலேன் எண் (உங்கள் இணைப்புக்கு ஆபரேட்டர் வைத்திருக்கும் அடையாள எண்) எல்லாம் இருக்கும். அந்தப் பக்கத்தை இன்னொரு போனால் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். பின்னால் ஒருநாள் இந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது அட்மின் பாஸ்வேர்டு. வைஃபையில் சேர அடிக்கும் பாஸ்வேர்டு வேறு, இந்த செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைய அடிக்கும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. வைஃபைக்குப் பேரப்பிள்ளையின் பெயரோடு பிறந்த வருஷத்தையும் சேர்த்துப் பூட்டு போட்டவர்கள்கூட, அட்மினுக்குக் கம்பெனி கொடுத்த 'அட்மின், அட்மின்' என்பதையே விட்டு வைத்திருப்பார்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படிப்பட்ட பெட்டிகளாகத் தேடித்தான் புகுந்தது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் அறுபதுக்கும் மேல் ஒரு பட்டியலாக அதனிடம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே முடங்கின.

ஆகவே அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு தாளில் எழுதி, கரண்ட் பில் வைக்கும் இடத்தில் வையுங்கள். ரவுட்டர் மேலேயே ஒட்டாதீர்கள். வெளியிலிருந்து இந்த செட்டிங்ஸுக்குள் வரவிடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். சில இணைப்புகளில் ஆபரேட்டரே தூரத்திலிருந்து சரிசெய்ய 'டிஆர்-069' என்ற வழியை வைத்திருக்கும். அதைத் தொட வேண்டாம்.

ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒன்றுதானே அண்ணே?

இல்லை, இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சுவிட்சை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுவது ரீஸ்டார்ட். செட்டிங்ஸ் எதுவும் போகாது. பின்பக்கம் ஊசி நுழையும் அளவு ஒரு ஓட்டை இருக்கும். அதில் குண்டூசியை விட்டுப் பத்து நொடி அழுத்தினால் ரீசெட். பெட்டி கடையில் வாங்கிய நாளின் நிலைக்குப் போய்விடும். அழிவது வைஃபை பெயர் மட்டுமல்ல. பிபிபிஓஈ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் என்று நெட் வருவதற்கான விவரமே அழிந்துவிடும்.

சனிக்கிழமை ராத்திரி நெட் மெதுவாக இருக்கிறதென்று ஓட்டையை அழுத்திவிட்டு, திங்கட்கிழமை ஆபரேட்டர் ஆள் வரும்வரை காத்திருக்கும் வீடுகள் உண்டு. முன்னால் எடுக்கச் சொன்ன படம் கையில் இருந்தால் நீங்களே திரும்ப அடித்துக்கொள்ளலாம். பிபிபிஓஈ பாஸ்வேர்டு மட்டும் புள்ளி புள்ளியாகத்தான் படத்தில் தெரியும். அதை ஆபரேட்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அடிக்கும்போது எம்டியூ (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) என்ற கட்டம் வந்தால் 1492 என்று இருக்கட்டும். வழக்கமான அளவு 1500. அதில் பிபிபிஓஈ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது.

சிவப்பு லைட் எரிகிறது. எந்த செட்டிங்கை மாற்ற?

எதையும் மாற்ற வேண்டாம். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு மின்னினால், வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது பீரோவுக்குப் பின்னால் நசுங்கி மடங்கியிருக்கும். எலி, அணில் கடிப்பது வழக்கம். அழகர்கோவில், திருப்பரங்குன்றம் பக்கம் குரங்குகளின் கைவரிசையும் உண்டு. ஆபரேட்டருக்குத்தான் சொல்ல வேண்டும். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஒரே ரவுட்டரில் இரண்டு வைஃபை பெயர் வருகிறது, ஒன்றில் 5ஜி என்று இருக்கிறது. அது மொபைல் 5ஜியா?

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மொபைல் 5ஜி இந்தியாவில் 2022 அக்டோபரில் வந்தது. ரவுட்டரில் இருப்பது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இன்னொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும்.

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் இருக்கும் பழைய வீடுகளில் இது நன்றாகத் தெரியும். தெருவிலிருந்து பின்கட்டு வரை வீடு நீளமாகப் போகும். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் வேறு. ஆபரேட்டர் ஆள் கேபிள் மிச்சம் பிடிக்க, வாசல் அறையிலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போயிருப்பார். சமையல்கட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டிக்கூடப் பார்க்காது. இதற்கு செட்டிங்ஸில் மருந்து இல்லை. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவர வேண்டும், ஆளுயரத்துக்கு மேலே திறந்த இடத்தில் வைக்க வேண்டும். டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அதைத் திட்டிப் பயனில்லை. ஃபைபரைப் பத்து மீட்டர் நீட்டித் தரச் சொன்னால் ஆபரேட்டர் கேட்கும் காசு, புது ரவுட்டர் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இரண்டு பெயரையும் ஒன்றாக்கி, எதில் சேர்வது என்பதைப் போனே முடிவுசெய்ய விடலாம். வைஃபை பல்பு, சின்ன வைஃபை கேமரா போன்றவை பெரும்பாலும் 2.4-ல் மட்டும் வேலை செய்யும். அவற்றை இணைக்கும்போது தகராறு செய்தால் பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு எப்போதும் தனித்தனிப் பெயர்தான் பிடிக்கும். கோளாறு வந்தால் எது எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் தெரியும்.

காம்பவுண்டு வீட்டில் இருக்கிறோம். பகலில் நன்றாக இருக்கும் நெட், ராத்திரி எட்டு மணிக்குப் படுத்துவிடுகிறது. ஏன்?

செல்லூர், ஆரப்பாளையம், வில்லாபுரம் பக்கமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. ஒரு வாசலுக்குள் எட்டுக் குடித்தனம், எட்டு ரவுட்டர். எல்லாரும் வேலை முடிந்து வந்து சீரியலும் கிரிக்கெட்டும் போடும் நேரத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில் இடம் பிதுங்கும்.

இந்தியாவில் 2.4-ல் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது ரவுட்டர் பேசும் பாதைகள், உண்டு. கேட்பதற்கு நிறைய மாதிரி இருக்கும். ஆனால் ஒரு சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்த சேனல்களுக்கு இடைவெளியோ வெறும் 5. அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பிரிந்து நிற்க வழக்கமாக வைப்பவை 1, 6, 11. இங்கே பலரும் செய்யும் ஒரு காரியம், 1-லும் 6-லும் கூட்டமாக இருக்கிறதே என்று நடுவில் 3-ஐத் தேர்ந்தெடுப்பது. அது இரண்டு பக்கமும் இடிக்கும். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். பாதி மட்டும் மேலேறி நிற்கும் ரவுட்டரின் பேச்சு மற்றவற்றுக்கு வெறும் இரைச்சல். ஆகவே 3-ல் தனியாக நிற்பதைவிட, 6-ல் பக்கத்து வீட்டோடு பங்கு போடுவது மேல்.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, நெட் படுக்கும் அதே ராத்திரி நேரத்தில் பாருங்கள். காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லாம் காலியாகத்தான் தெரியும். 1, 6, 11-ல் எதில் பலமான சிக்னல்கள் குறைவோ அதை வையுங்கள். 'சேனல் விட்த்' 20 என்று இருக்கட்டும். 40 வைத்தால் வேகம் கூடும் என்பது தனி வீட்டுக்குச் சரி; காம்பவுண்டில் உங்களுக்கும் நஷ்டம், அடுத்தவருக்கும் நஷ்டம்.

டிவியையும் நல்ல போன்களையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது இன்னும் நல்லது. அங்கே இடம் தாராளம். 2018-ல் மத்திய அரசு லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் பகுதியை அங்கே நன்றாக விரித்துவிட்டது. சேனலை 36 முதல் 48 வரை, இல்லாவிட்டால் 149 முதல் 161 வரை வையுங்கள். நடுவிலிருக்கும் 52, 100 போன்ற சேனல்களை ரேடாரோடு பங்கு போட வேண்டும். ரவுட்டர் ஒரு நிமிஷமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அவற்றில் பேச ஆரம்பிக்கும், நடுவில் ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் சேனலை விட்டு ஓடிவிடும்.

200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தேன். எவ்வளவு சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லையே?

94 என்ற எண்ணைச் சொன்னதுமே கேபிளைத்தான் சந்தேகப்படுவேன். எங்கோ ஒரு இடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. அதில் கையாளும் செலவு போக மிஞ்சுவது 94 சொச்சம். முதலில் ரவுட்டரில் கேபிள் செருகும் போர்ட் ஜிகாபிட்தானா (1000 எம்பிபிஎஸ்) என்று பாருங்கள். மலிவு விலைப் பெட்டிகளில் இன்னமும் 100 போர்ட்தான். போர்ட் ஜிகாபிட் என்றால், லேன் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி போயிருக்கும். கேபிளுக்குள் எட்டுக் கம்பி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்தில் ஒரு கம்பி கிளிப்புக்குள் சரியாக உட்காராவிட்டாலும் நெட் வரும், வேகம் மட்டும் சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாகிவிடும். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அந்த போர்ட்டுக்கு நேரே 100 என்றோ 1000 என்றோ காட்டும். 100 என்றால் இரண்டு முனையிலும் கிளிப்பை வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

100 எம்பிபிஎஸ் பிளானில் படம் டவுன்லோடு செய்யும்போது 12 என்று காட்டுகிறது என்பது வேறு கதை. பிளான் பிட்டில், டவுன்லோடு பைட்டில். 8 பிட் ஒரு பைட். எட்டால் வகுத்தால் கணக்கு சரியாக வரும், யாரும் ஏமாற்றவில்லை.

டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினால் வேகம் கூடுமாமே?

கூடாது. இணையதளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. பக்கம் திறக்க ஆரம்பிக்கும் அந்த ஒரு கணம் சுருங்கலாம், டவுன்லோடு வேகம் மாறாது. ஆனால் ஆபரேட்டரின் டிஎன்எஸ் படுத்துவிட்டால், நெட் இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது. அப்போது கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 கைகொடுக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 1.1.1.3 வைக்கலாம்; ஆபாசத் தளங்களை அது தடுக்கும். ரவுட்டரில் ஒரு இடத்தில் மாற்றினால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிக்கும் சேரும். பத்தாம் வகுப்புப் பையன் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொண்டால் இந்தத் தடை ஒன்றும் செய்யாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மேலூர் பக்கம் தோட்டத்தில் சிசிடிவி வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து கேமராவுக்கு வழி விடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் மதுரையிலிருந்து பார்க்க முடியவில்லை.

ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (ஆபரேட்டர் உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி எண்) என்ன என்று பாருங்கள். அப்புறம் பிரவுசரில் 'என் ஐபி என்ன' என்று தேடி, அது காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், பொது ஐபி உங்களுக்குத் தனியாகத் தரப்படவில்லை. காம்பவுண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருப்பது போல, பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். வெளியே கடிதம் போடலாம். கதவு எண்ணை மட்டும் எழுதி வரும் தபால் எந்தக் குடித்தனத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. உங்கள் ரவுட்டரில் என்ன போர்ட்டைத் திறந்தாலும் வெளிவாசலில் நின்றுவிடும்.

இரண்டு வழி உண்டு. மாதக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத பொது ஐபி) வாங்குவது ஒன்று. கேமரா கம்பெனியின் ஆப் வழியாக, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்ப்பது இன்னொன்று. தோட்டக் கேமராவுக்கு இரண்டாவதே போதும் என்பேன். ஸ்டாட்டிக் ஐபி வாங்கினாலும் 'டிஎம்இசட்' என்பதில் ரெக்கார்டரை வைக்காதீர்கள். ஊர் உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள். பாஸ்வேர்டு கொடுக்கலாமா?

'கெஸ்ட் நெட்வொர்க்' என்பதை இயக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அதில் சேர்பவர்களுக்கு நெட் கிடைக்கும், உங்கள் கேமராவும் பிரிண்டரும் தெரியாது. அழகர் மலைக்குத் திரும்பியதும் அணைத்துவிடலாம்.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு எண்ணை அடித்து வைஃபையில் சேரவிடும் டபிள்யூபிஎஸ் பின் வசதியை அணையுங்கள். எட்டு இலக்க எண்தான், ஆனால் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. வைஃபை பெயரை மறைப்பதால் ஒரு லாபமும் இல்லை. மேக் ஃபில்டர் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் என்ற அடையாள எண்ணை வைத்துத் தடுப்பது) போட்டுப் பக்கத்து வீட்டுப் பையனைத் தடுக்க நினைப்பதும் வீண். ஆண்ட்ராய்டு 10 முதல் போன்களே ஒவ்வொரு வைஃபைக்கும் மேக் எண்ணை மாற்றிக் காட்டுகின்றன. பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதோடு முடிந்தது.

மாடிக்கு சிக்னல் இல்லை. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, உதவுமா?

தாராளமாக. கீழே இருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் மட்டும் இழுங்கள். பழைய ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாவிட்டால், மெயின் ரவுட்டரோடு சேர்க்கும் முன் அதைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து, அதன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை அணையுங்கள். மெயின் ரவுட்டர் 192.168.1.1 என்றால்தான் இந்த எண். டிஹெச்சிபி என்பது வீட்டுக் கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலை. இரண்டு பெட்டியும் அதைச் செய்தால் அடிதடிதான். மெயின் ரவுட்டர் கொடுக்கும் எண்களை 100-லிருந்து 200 வரை என்று வைத்துவிட்டால் இந்த 2-ஐ யாருக்கும் கொடுக்காது. கேபிளைப் பழைய ரவுட்டரின் வேன் ஓட்டையில் செருகாமல் லேன் ஓட்டையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு.

கேபிள் இழுக்காமல் ரிப்பீட்டர் வாங்கலாம். வாங்கிய அலையிலேயே திரும்பப் பேச வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். வாட்ஸ்அப்புக்குப் போதும், டிவிக்குப் போதாது.

கரண்ட் போனாலும் நெட் வேண்டும். மினி யூபிஎஸ் வாங்கலாமா?

வாங்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் துணை. அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படித்து அதே வோல்ட் உள்ளதையே வாங்குங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் புகையலாம். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், தெருவிலிருக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஆபரேட்டர் ஆபீஸில் பேக்கப் இருந்தால் தெருவே இருட்டானாலும் நெட் ஓடும். யாரோ ஒருவர் மொட்டை மாடியிலிருக்கும் சுவிட்சிலிருந்து லேன் கேபிளில் வரும் இணைப்பு என்றால், அந்த மாடியில் கரண்ட் போனதும் உங்கள் யூபிஎஸ்ஸால் பயன் இல்லை.

இடி இடிக்கும்போது எதைக் கழற்ற வேண்டும்? ஃபைபரில்தான் கரண்ட் பாயாதே?

கண்ணாடி இழையில் பாயாது. ஆனால் அதைத் தாங்க ஒட்டியிருக்கும் இரும்புக் கம்பியில் பாயும், அடாப்டர் வழியாகவும் வரும். எல்லாவற்றையும்விட, கேமராவுக்காக மொட்டை மாடி வழியாக இழுத்த லேன் கேபிளில் வரும். கோடை மழையிலும் ஐப்பசி இடியிலும் அடிபட்ட ரவுட்டர்களில் மற்றதெல்லாம் நன்றாக இருக்கும், கேமரா செருகிய லேன் போர்ட் மட்டும் செத்திருக்கும். வானம் கறுத்தால் அடாப்டரோடு அந்தக் கேபிளையும் உருவிவிடுங்கள். எது எந்த ஓட்டையில் இருந்தது என்று கேபிள் முனையில் டேப் ஒட்டி எண் எழுதி வைத்தால், மழை விட்டதும் வீட்டில் யார் வேண்டுமானாலும் செருகலாம்.